மூன்று முதல்வர்களும் நாற்பத்தொன்றாம் எண் வீடும்

கடற்கரை விடுதி,
பிப்ரவரி 10

கர்த்தருக்குள் அன்பான ஈவ்லின் அக்காவுக்கு,

தம்பி ஜாய்சன் எழுதுவது. நான் சுகம். உன் சுகமும் உன் முழங்காலின் சுகமும் அறிய ஆவல்.

பயந்து போயிருப்பாய். கட்சி அலுவலகத்தில் எம்.எல்.ஏ.க்கள் கூட்டம் என்றுதான் நேற்று ஆராதனை முடிந்ததும் உன்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கூட்டம் முடிந்து சாப்பாடு என்றார்கள். பிறகு சாப்பாடு பஸ்ஸில் என்றார்கள். பஸ் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குத் திரும்பியபோது பக்கத்துத் தொகுதி கோகிலவாணி மேடம் என்னைப் பார்த்து, "இன்னா ஜாய்சன், மாத்துத்துணி எடுத்தாந்தியா?" என்றார்கள். அப்போதுதான் எனக்கு விஷயமே புரிந்தது.

நிதியமைச்சர் தனி அணி கட்டிக்கொண்டு முதல்வரை இறக்கப் பார்க்கிறார். மிச்சம் இருக்கிறவர்களை அவர் கொத்திக்கொண்டு போய்விடக் கூடாதென்று முதல்வர் எங்களை இங்கே பத்திரப்படுத்தியிருக்கிறார். போன்களை ஒரு பிளாஸ்டிக் கூடையில் வாங்கிக்கொண்டார்கள். டிவிகளைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டார்கள்.

துணிப்பைக்கு மட்டும் அனுமதி உண்டு. எந்த நேரத்தில் கவர்னர் மாளிகைக்குக் கூட்டிப் போவார்களோ, கசங்கிய சட்டையோடு போய் நிற்க முடியாதல்லவா? அதனால் எல்லாருக்கும் வீட்டிலிருந்து கஞ்சி போட்ட வேட்டி சட்டை வர வேண்டும் என்பது ஏற்பாடு. டிரைவர் பிரிட்டோ வருவான். கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்து அனுப்பு. கேட்டில் இருக்கும் கட்சிக்காரர் லாசரஸ் அண்ணன் படித்துவிட்டுத்தான் தருவார். அவர் மேல் வருத்தப்படாதே, நல்ல மனிதர்.

நம் தெருவுக்கு வந்த இடிப்பு நோட்டீஸ் விஷயம் என் மண்டையிலேயே இருக்கிறது. முதல்வரை நேரில் பிடிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. நான் இருக்குமிடம் தெருவில் யாருக்கும் தெரிய வேண்டாம். பிரஷர் மாத்திரை அனுப்பு.

உன் ஜெபத்தை நாடும்,
ஜாய்சன்

•

தாமரைக்குட்டைத் தெரு, தாம்பரம்,
பிப்ரவரி 13

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஸ்தோத்திரம். உனக்கு முன்னால் இதைப் படிக்கிற லாசரஸ் அண்ணனுக்கும் ஸ்தோத்திரம். என் எழுத்து பொடி எழுத்து, அவர் கண்ணுக்குக் கர்த்தர் பெலன் தரட்டும்.

நீ இருக்குமிடத்தை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்கிறாய். பஸ் ஜன்னலில் நீ துண்டால் முகத்தை மூடிக்கொண்டதை எல்லாச் சேனலும் காட்டிவிட்டன. முகத்தை மூடினாய் சரி, அந்த வழுக்கையை என்ன செய்வாய்?

எதிர்வீட்டுக் கன்னியம்மா காலையிலேயே வந்து நின்றாள். "இன்னா டீச்சரம்மா, உன் தம்பி கடலாண்ட குந்திகினு கீறாராமே? இங்க வூட்டுக்கு வூடு நம்பர் போட்டுகினு போறானுங்க, அவரு இன்னா அலை எண்ணிகினு கீறாரா?" என்றாள். உண்மைதான். அளவை ஆட்கள் வந்து சிவப்புப் பெயிண்டில் எண் போட்டுவிட்டார்கள். நம் வீட்டுக்கு நாற்பத்தொன்று. குளத்துப் புறம்போக்கில் கட்டிய வீடுகளாம், எல்லாம் இடிபட வேண்டியவையாம். அப்பா வேதசிரோமணி இந்த மனையை வாங்கியபோது இங்கே குளம் இருந்ததை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவருக்கு விற்றவர் இப்போது அடையாறில் பங்களாவில் இருக்கிறார்.

போன முறை ஜே.சி.பி. வந்தபோது நீ எம்.எல்.ஏ. இல்லை, வெறும் இன்சூரன்ஸ் ஏஜென்ட். அதன் முன்னால் போய்ப் படுத்தாய். வண்டி திரும்பிப் போயிற்று. அதனால்தான் இந்த ஊர் உனக்கு ஓட்டுப் போட்டது. ஜெயித்த அன்று நம் வீட்டுப் படியில் நின்று, நான் இருக்கும்வரை இந்தத் தெருவில் ஒரு செங்கல்லும் விழாது என்று சொன்னாய். அந்த வார்த்தையை நம்பி பக்தவச்சலம் ஆட்டோவை அடமானம் வைத்து மாடி கட்டியிருக்கிறான்.

முதல்வரிடம் பேசுவதெல்லாம் அப்புறம். நீ வந்து தெருவில் நில். அது போதும்.

மாத்திரை வெள்ளை டப்பாவில் இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அக்கா ஈவ்லின்

•

கடற்கரை விடுதி,
பிப்ரவரி 17

அன்பான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம். இந்தக் கடிதத்தைப் படிக்கிறபோது நீயும் சுகமாகிவிடுவாய்.

முதல்வர் இன்று சாயங்காலம் இங்கே வந்தார். இப்படி ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை அக்கா. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, என்ன வேண்டும் என்று கேட்டார். ஒருவருக்குப் பாலம், ஒருவருக்குக் கல்லூரி. கேட்டதற்கெல்லாம் மறு பேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். நான் நம் தெரு மனுவை நீட்டினேன். முழுதாகக்கூடப் படிக்கவில்லை. "இடிப்பு நிறுத்தி வைக்கப்படுகிறது" என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். இத்தோடு வைத்திருக்கிறேன். தாசில்தாரிடம் கொண்டுபோய்க் காட்டு. கன்னியம்மாவையும் கூட்டிப் போ, அவள் வாய்க்குப் பூட்டு விழட்டும்.

தெருவில் வந்து நின்றிருந்தால் ஒரு நாள் வண்டியை நிறுத்தியிருப்பேன். இங்கே உட்கார்ந்து மொத்தமாக நிறுத்திவிட்டேன். நீ எப்போதும் என்னைக் குறைத்தே மதிக்கிறாய்.

அன்புள்ள,
ஜாய்சன்

(டீச்சர், ஸ்தோத்திரம். எழுத்து நல்லா தெரியுது, கண்ணாடி மாத்திட்டேன். லாசரஸ்.)

•

தாம்பரம்,
பிப்ரவரி 20

அன்புத் தம்பிக்கு,

ஸ்தோத்திரம். முழங்கால் பரவாயில்லை. மனசுதான் சரியில்லை.

உன் உத்தரவை எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனோம். பக்தவச்சலம் ஆட்டோவில் நான், கன்னியம்மா, இன்னும் நாலு பெண்கள். பிரிவில் இருந்த அம்மாள் தாளை வாங்கிப் படித்தாள். தேதியைப் பார்த்தாள். என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள்.

"மேடம், சி.எம். அன்னைக்குக் காலையிலேயே ராஜினாமா கொடுத்துட்டாரே. இது சாயங்காலம் போட்ட கையெழுத்து. காபந்து முதல்வர் இந்த மாதிரி உத்தரவு போட முடியாது. இதே தேதியில பாலத்துக்கும் காலேஜுக்கும்கூட வந்திருக்கு. நாங்க எதை எடுத்துக்கிறது?" என்றாள்.

பக்தவச்சலம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்போ இது இன்னாக்கா, ஆட்டோகிராபா?" என்று கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. திரும்பும் வழியில் கன்னியம்மாகூட ஒன்றும் பேசவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆக, உங்கள் முதல்வர் காலையில் பதவியை விட்டுவிட்டுச் சாயங்காலம் உங்களிடம் வந்திருக்கிறார். டிவியைக் கழற்றிய காரணம் இப்போது புரிகிறதா? பொதுப்பணித்துறை அமைச்சர் நாளை முதல்வராகிறார். அவரை ஆதரிப்பவர்கள் பெயரைச் செய்தியில் வாசித்தார்கள். அதில் உன் பெயரும் வந்தது. எப்போது ஆதரித்தாய்?

வந்துவிடு ஜாய்சன். இன்னும் நாள் இருக்கிறது.

அக்கா

•

கடற்கரை விடுதி,
பிப்ரவரி 25

அன்பான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நலமே.

முதல்வர் போய்விட்டார் என்ற செய்தி உன் கடிதத்தில்தான் எங்களுக்கு வந்தது. நம்புவாயா? அரசாங்கத்தை நடத்துகிற கட்சியின் எம்.எல்.ஏ.க்கள் நாங்கள்! என் அறைக்கு எல்லாரும் வந்து கை மாற்றிக் கை மாற்றிப் படித்தார்கள். பாலம் வாங்கியவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். நீ சொன்ன ஆட்டோகிராப் ஜோக் இங்கேயும் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் புது முதல்வர் பதவியேற்ற கையோடு வந்தார். ஜாங்கிரி கொடுத்தார்கள். கையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினோம். பெயர் கொடுத்தது யார் என்று எனக்கும் தெரியாது. ஆனால் இவர் வேறு மாதிரி அக்கா. என் தோளில் கை போட்டு, "உங்க தெரு என் தெரு சார்" என்றார். மார்ச் எட்டுக்குள் சட்டசபையில் பெரும்பான்மையைக் காட்ட வேண்டும். அதுவரை என் ஓட்டு அவருக்கு வேண்டும். அதுவரைதான் நம் தெருவும் அவருக்கு ஞாபகம் இருக்கும். நான் பாதியில் எழுந்து வந்தால் அந்தப் பிடியும் போய்விடும்.

இங்கே எப்படி இருக்கிறது என்று கேட்காதே. ஜன்னலைத் திறந்தால் கடல். மணலில் கால் வைக்கப் போனால் இரண்டு பேர் கூடவே வருகிறார்கள். சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், மறுபடி சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். பிளஸ்ஸி மஸ்கட் ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணிப் பண்ணி, புருஷனைக் காணோமென்று அழுதிருப்பாள். அவளுக்கு டியூட்டி நேரத்தில் அழக்கூட முடியாது. நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்.

வா வா என்கிறாய். எப்படி வருவேன்? கேட்டில் ஆள் நிற்கிறது.

உன்,
ஜாய்சன்

•

தாம்பரம்,
மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

ஸ்தோத்திரம். பிளஸ்ஸியிடம் பேசினேன். நீ நன்றாக இருப்பதாகச் சொன்னேன். பொய் சொன்னதற்கு என்னைக் கர்த்தர் மன்னிக்கட்டும்.

கோகிலவாணி நேற்று நம் வீட்டுக்கு வந்தாள். ஆமாம், உன் கூட அடைபட்டிருந்த அதே கோகிலவாணி. டிவிக்காரர்கள் எல்லாம் அவள் எப்படித் தப்பித்தாள், சுவர் ஏறிக் குதித்தாளா, படகில் வந்தாளா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நானும் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சுவரும் இல்ல ஒண்ணும் இல்ல டீச்சர். காலையில பைய எடுத்துகினு கேட்டாண்ட போனேன். 'லாசரஸ், தொற, நான் வூட்டுக்குப் போறேன்'னேன். அவரு ஒரு நிமிசம் என்னையே பாத்தாரு. தொறந்துட்டாரு. பூட்டே இல்ல டீச்சர், சும்மா கொண்டிதான். ரோட்டுக்கு வந்து பஸ் புடிச்சேன். கண்டக்டர் டிக்கெட்டுக்குக் காசுகூட வாங்கல."

உன்னையும் கூப்பிட்டாளாம். நீ தலைவலி என்று திரும்பிப் படுத்துக்கொண்டாயாம்.

லாசரஸ் அண்ணா, நீங்கள் படிக்கிறீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். என் தம்பி உங்களிடம் ஒரு தடவையாவது கதவைத் திறக்கச் சொன்னானா?

ஜாய்சன், தெருவுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். மார்ச் பதினான்கு. நீ கூட்டத்தைக் கூட்ட வேண்டாம், படுக்க வேண்டாம், பேச வேண்டாம். வந்து நம் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார். ஒரு எம்.எல்.ஏ. உட்கார்ந்திருக்கிற வீட்டை இடிக்க அவர்கள் கொஞ்சமாவது யோசிப்பார்கள். கேட்டாயா, கேட்கவில்லையா? ஒரே வரி எழுது.

அக்கா

•

தாம்பரம்,
மார்ச் 8

ஜாய்சனுக்கு,

சட்டைகள் துவைக்க வந்தன. பைகளில் கை விட்டுப் பார்த்தேன். ஒன்றில் பாக்குப் பொட்டலம் இருந்தது. கடிதம் இல்லை. பிரிட்டோவைக் கேட்டேன். "சார் நல்லாத்தான் கீறாரு மேடம். உங்க லெட்டரப் படிச்சாரு. மடிச்சு தலகாணிக்கு அடியில வச்சிகினாரு" என்றான்.

நேற்று கரண்ட்டைப் பிடுங்கிவிட்டார்கள். பரீட்சைத்தாள்களைப் பள்ளிக்கூடத்திலேயே உட்கார்ந்து திருத்திவிட்டு வருகிறேன். தெருவில் பாதிப் பேர் ஜன்னல் சட்டங்களைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். நான் கழற்றவில்லை. நீ வருவாய் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனால் வேறு என்ன சொல்வது?

சட்டைகளுக்குக் கஞ்சி போட்டு அனுப்பியிருக்கிறேன்.

அக்கா

•

கடற்கரை விடுதி,
மார்ச் 11

அன்பான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வயிறு சரியில்லை. லெந்து நோன்பு நாள், எனக்கு மீன் வேண்டாம் என்றால் இறால் வைக்கிறார்கள். இறால் மீன் இல்லையாம். வெயிலும் ஏறிவிட்டது. காற்று மதியத்துக்கு மேல்தான் வருகிறது.

புது முதல்வரும் சட்டசபைக்குப் போகாமலேயே விலகிவிட்டார். எண்ணிக்கை போதவில்லை. நேற்றுக் காலை எழுந்து வந்தால் கேட்டில் இருந்த பேனர் மாறியிருந்தது. இப்போது நிதியமைச்சர் படம். அவரிடமிருந்து பாதுகாக்கத்தான் எங்களை இங்கே கொண்டுவந்தார்கள். இப்போது விடுதியே அவருடையது. சமையல்காரர், பஸ், லாசரஸ் அண்ணன் எல்லாம் அப்படியே. நாங்களும் அப்படியே. யாரும் எங்கேயும் போகவில்லை, முதல்வர்தான் மாறிக்கொண்டே இருக்கிறார்.

இவர் நேராகப் பேசுகிறார். நீதிமன்றத்தில் இருக்கிற விஷயம், குளத்தில் கை வைக்க முடியாது ஜாய்சன் என்றார். அதற்குப் பதிலாக, பெரும்பாக்கம் குடியிருப்பில் நம் தெருக்காரர்கள் எல்லாருக்கும் வீடு தரச் சொல்லியிருக்கிறார். உனக்கும் கன்னியம்மாவுக்கும் கீழ்த்தளமாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். யோசித்துப் பார், மழைக் காலத்தில் நாம் பட்ட பாடு என்ன? அங்கே தண்ணீர் உள்ளே வராது.

பிரிட்டோவிடம் இரண்டு செட் புதுத்துணி கொடுத்திருக்கிறேன். ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. கஞ்சி கொஞ்சம் கூடுதலாகப் போட்டு, பதின்மூன்றாம் தேதிக்குள் அனுப்பிவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜாய்சன்

•

கிழக்குத் தாம்பரம், சபை மண்டபம்,
மார்ச் 17

ஜாய்சனுக்கு,

நான் சுகம். தெருவில் யாருக்கும் காயமில்லை. அதை நீ கேட்பாய் என்பதால் முதலில் எழுதிவிட்டேன்.

பதினான்காம் தேதி காலையில் ஆறு ஜே.சி.பி. வந்தது. போலீஸ் அதைவிட அதிகம். எல்லாரும் நம் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள். எம்.எல்.ஏ. வீடல்லவா, இதைத் தொட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று. இன்ஸ்பெக்டர் என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், சாருக்கு எல்லாம் தெரியும். இந்த வீட்டைத்தான் முதல்ல எடுக்கணும்னு சொல்லியிருக்காங்க. எம்.எல்.ஏ. வீடே போச்சுன்னா மத்தவங்க தகராறு பண்ண மாட்டாங்கன்னு" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை உனக்கு எப்படி எழுதுவேன்? கன்னியம்மா மட்டும் வந்து என் கையைப் பிடித்து, "வா டீச்சர், நீ இன்னா பண்ணுவ" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

நாற்பத்தொன்று விழுந்தது. மற்றவர்கள் தகராறு பண்ணவில்லை. இன்ஸ்பெக்டர் சொன்னது சரியாகிவிட்டது.

மதியம் டீக்கடை டிவியில் புது மந்திரிசபையின் பதவியேற்பு ஓடிக்கொண்டிருந்தது. தலையெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு தெருவே நின்று பார்த்தது. உன் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறை. நீ நடந்து போனாய். சட்டை விறைப்பாக, ஒரு மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது. அந்தச் சட்டைக்குக் கஞ்சி போட்டு, தேய்த்து, காகிதத்தில் சுற்றி அனுப்பியது நான். என்ன நிகழ்ச்சி என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும், நீ அதைப் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுவாய் என்று கடைசி வரை நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எவ்வளவு பெரிய முட்டாள், பார்.

பெரும்பாக்கத்துக்கு லாரி நாளை வருகிறது. எனக்குச் சம்பளம் வருகிறது, சேலையூரிலேயே வாடகைக்குப் பிடித்துக்கொள் என்கிறார்கள் சபையில். நான் தெருவோடு போகிறேன்.

ஈவ்லின்

•

அமைச்சர் இல்லம், சென்னை,
ஏப்ரல் 2

அன்பான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். போன் பண்ணினால் எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் எழுதுகிறேன். இப்போது என்னிடம் மூன்று போன் இருக்கிறது.

இங்கே ஒன்பது அறைகள். தென்புறம் இருப்பது உனக்குத்தான். உன் ஜெபத்துக்கு வெளிச்சமாக இருக்கும். கார் அனுப்புகிறேன், வந்துவிடு. கீழ்த்தளம் சொல்லியிருந்தேன், உனக்கு ஏழாவது மாடி போட்டுவிட்டார்கள் என்று பிரிட்டோ சொன்னான். விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

அங்கே வந்து உன்னைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு தடவை கிளம்பினேன். மேடவாக்கம் வரைகூட வந்தேன். பாதுகாப்பு அதிகாரி, அங்கே மக்கள் கொதிப்பாக இருக்கிறார்கள், இன்று வேண்டாம் சார் என்றார். அவர் சொல்வதும் சரிதானே.

பதில் போடு.

ஜாய்சன்

•

புதுச்சேரி சாலை, ஒரு விடுதி,
ஏப்ரல் 22

அக்காவுக்கு,

இருபது நாளாக நீ ஒரு வரி எழுதவில்லை. சுகமாயிருக்கிறாயா?

டிவியில் பார்த்திருப்பாய். இந்த முதல்வருக்கும் ஆட்டம் கண்டுவிட்டது. முதலில் இருந்த முதல்வர் பாதிப் பேரை இழுத்துவிட்டார். ஈஸ்டர் ஆராதனை முடிந்து வெளியே வந்தேன், கோயில் வாசலிலேயே பஸ் நின்றது. அமைச்சர்களும் ஏற வேண்டுமாம். அதே பஸ். போன்களுக்கு அதே பிளாஸ்டிக் கூடை. கேட்டில் லாசரஸ் அண்ணன். என்னைப் பார்த்து, "டீச்சர் எப்டி இருக்காங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை அக்கா. அவ்வளவு பேர் முன்னால் அழுதுவிட்டேன்.

இங்கே கடல்கூடக் கிடையாது. சுற்றிலும் சவுக்குத் தோப்பு. காலையில் எழுந்தால் இது எந்த விடுதி, இப்போது யார் முதல்வர் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. நேற்று ஒருவர் வந்து கையைத் தூக்கச் சொன்னார். எதற்கு என்று கேட்காமலே தூக்கினேன். தூக்கிய பிறகு பார்த்தால் காபி யாருக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

எனக்கு இதிலிருந்து வெளியே வர வேண்டும். மந்திரியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். இங்கேயும் கேட்டைப் பூட்டுவதில்லை. எழுந்து அதுவரை போகிறேன், அதற்கு மேல் கால் வருவதில்லை.

ஒன்றே ஒன்று செய். பிரிட்டோவோடு காரில் வா. நீ உள்ளே வர வேண்டாம். கேட்டில் நின்று, "ஜாய்சா, வாடா வீட்டுக்கு" என்று கூப்பிடு. சின்ன வயதில் மைதானத்தில் வந்து கூப்பிடுவாயே, அப்படி. உன் பின்னாலேயே வந்துவிடுகிறேன்.

உன் தம்பி,
ஜாய்சன்

•

பெரும்பாக்கம்,
ஏப்ரல் 26

மாண்புமிகு எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறை அமைச்சர் அவர்களுக்கு,

ஐயா,

தாமரைக்குட்டைத் தெருவிலிருந்து இங்கே மாற்றப்பட்ட குடும்பங்கள் பணிவுடன் எழுதும் மனு. எங்கள் பிளாக்கில் நாங்கள் வந்த நாள் முதல் லிஃப்ட் ஓடவில்லை. திருமதி கன்னியம்மா ஐந்தாவது மாடியிலிருந்து கடந்த மூன்று வாரமாகக் கீழே இறங்கவில்லை. அவர் வீட்டு வேலை செய்துவந்த நான்கு வீடுகளும் தாம்பரத்தில் இருப்பதால் வேலையும் போய்விட்டது. திரு. பக்தவச்சலத்தின் ஆட்டோவைக் கடன்காரர் எடுத்துக்கொண்டார். குடிதண்ணீர் கீழ்க்குழாயில் மட்டும் வருகிறது. லிஃப்ட் தங்கள் துறை இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரிந்த அமைச்சர் தாங்கள் ஒருவர்தான் என்பதால் தங்களுக்கு எழுதுவதென்று குடியிருப்போர் கூடி முடிவு செய்தோம். நடவடிக்கை எடுக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
குடியிருப்போர் சார்பாக,
வே. ஈவ்லின்

மேலே உள்ளது அமைச்சருக்கு. இனி எழுதுவது என் தம்பிக்கு.

அன்புள்ள ஜாய்சா,

ஸ்தோத்திரம். நான் சுகமாகத்தான் இருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்குப் போக இரண்டு பஸ், காலையில் இறங்கினால் சாயங்காலம்தான் ஏறுகிறேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு நிறைய அழுதேன். பிரிட்டோ காரோடு கீழே காத்திருந்தான். சேலையை மாற்றிக்கொண்டு இரண்டு மாடி இறங்கியும் விட்டேன். படியிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்தேன். திரும்ப ஏறி வந்து இதை எழுதுகிறேன்.

நான் வர மாட்டேன். கோபம் இல்லை. கோபம் இருந்தால் மேலே உள்ள மனுவோடு நிறுத்தியிருப்பேன். நான் வந்து கேட்டில் நின்று கூப்பிட்டால் நீ வந்துவிடுவாய், அது எனக்குத் தெரியும். முதல் முதல்வர் கூப்பிட்டார், வந்தாய். இரண்டாமவர் கூப்பிட்டார், மூன்றாமவர் கூப்பிட்டார், எல்லாருக்கும் வந்தாய். யார் கூப்பிட்டாலும் வருகிறவனை நானும் ஒரு ஆளாக வந்து கூப்பிட்டு என்ன செய்ய? நாளைக்கு வேறு ஒருவர் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினால் அதிலும் ஏறுவாய்.

யாரும் கூப்பிடாமல் வா. லாசரஸ் அண்ணனிடம் நீயே வாயைத் திறந்து கேள். இங்கே உன்னைத் திட்டுவார்கள். கன்னியம்மா கட்டாயம் திட்டுவாள். நின்று வாங்கிக்கொள். உனக்குத் தட்டில் சோறு போடுவேன்.

எங்கள் வீடு ஏழாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. படியேறித்தான் வர வேண்டும்.

அக்கா